பூமிக்கு 6000 வயதுதான் என்று வேதாகமம் சொல்கிறதா?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், ஜியாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். சபையில் சிலர், "பூமிக்குக் கோடிக்கணக்கான வருஷம் என்று அங்கே சொல்லித் தருவார்கள், பிள்ளையின் விசுவாசம் போய்விடும்" என்று தடுக்கிறார்களாம். 6000 வருஷம் என்று வேதத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, அதை ஏற்காதவர் கிறிஸ்தவர் இல்லையா என்று கேட்கிறார்.

ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை எந்த வசனத்திலும் பூமியின் வயது சொல்லப்படவில்லை. 6000 என்பது மனிதர்கள் கூட்டிப் பார்த்துச் சொன்ன விடை. நான் நெடுநாளாக ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுப்பவன். வேதம் தேவனுடைய வார்த்தை என்று முழுமனதோடு நம்புகிறவன். அந்த நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கூட்டல் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். ஆதாமுக்கு 130 வயதில் சேத் பிறக்கிறான், சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ், ஏனோசுக்கு 90 வயதில் கேனான். இப்படியே மெத்தூசலா, லாமேக்கு வழியாக நோவாவுக்கு வந்து, அவருடைய 600-வது வயதில் வந்த ஜலப்பிரளயம் வரை கூட்டினால் 1656 வருஷம் வரும். பிறகு 11-ஆம் அதிகாரத்தை வைத்து ஆபிரகாமுக்கு வர வேண்டும், அங்கிருந்து ராஜாக்களின் காலத்துக்கு. அயர்லாந்தில் அர்மாகின் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில் இப்படித்தான் கி.மு. 4004 என்ற ஆண்டுக்கு வந்து சேர்ந்தார். அவரை லேசாக நினைத்துவிடக் கூடாது. பாபிலோன், பாரசீக, கிரேக்க வரலாறுகளை எல்லாம் ஒப்பிட்டு, நேபுகாத்நேச்சார் இறந்த ஆண்டோடு வேதக் கணக்கைப் பொருத்திப் பார்த்த பெரிய அறிஞர். ஆனால் 1701-இல் அச்சான ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அவருடைய ஆண்டுகளைச் சேர்த்தார்கள். வசனத்துக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்ததால், தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதையும் வேதத்தின் பகுதி போலவே வாசித்துப் பழகிவிட்டார்கள்.

இதே கூட்டலை ஆதித் திருச்சபை கையில் வைத்திருந்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டை வைத்துப் போட்டால் விடை மாறுகிறது. அதில் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு 230 வயது. பலருக்கும் இப்படி நூறு நூறாகக் கூடுவதால், கிழக்கத்திய திருச்சபைகள் பயன்படுத்திய பைசாந்தியக் கணக்கில் படைப்பு கி.மு. 5509-க்குப் போய்விடுகிறது. 1500 வருஷ வித்தியாசம். இரண்டு பக்கத்தாரும் வேதத்தை அப்படியே நம்பியவர்கள்தான்.

இன்னும் ஒன்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. மத்தேயு 1:8-இல் யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கிறது. 1 நாளாகமம் 3-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: அந்த இருவருக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள் (உசியாவை அங்கே அசரியா என்று சொல்லியிருக்கிறது). மத்தேயு மூன்று தலைமுறையை விட்டுவிட்டு "பெற்றான்" என்றே எழுதுகிறார். லூக்கா 3:36-இல் அர்பகசாத்துக்கும் சாலாவுக்கும் நடுவே காயினான் வருகிறார், ஆதியாகமம் 11-இல் அந்தப் பெயரே இல்லை. வம்ச வரலாற்றை யூதர்கள் எழுதிய முறை அது. பிரின்ஸ்டன் செமினரியின் வில்லியம் ஹென்றி கிரீன் 1890-லேயே, இந்த அட்டவணைகளைக் கூட்டி உலகத்தின் வயதைச் சொல்ல முடியாது என்று விரிவாக எழுதினார். அவர் தாராளவாதி அல்ல, வேதத்தின் அதிகாரத்துக்காகக் கடுமையாக வாதாடியவர்.

"அப்படியானால் 6000 வருஷம்தான் சபையின் பழைய போதனை என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். உலகம் இளமையானது என்று முற்காலத்தில் பெரும்பாலோர் நினைத்தது உண்மை. அகஸ்டினும் அப்படித்தான் நினைத்தார், ஆனால் படைப்பின் ஆறு நாட்கள் நமக்குத் தெரிந்த சாதாரண நாட்கள் அல்ல என்றும் அவரே எழுதினார். ஜியாலஜி வளர்ந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில், வேதத்தை நேசித்த பலர் பூமியின் தொன்மையை ஏற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து போதகர் தாமஸ் சால்மர்ஸ், ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே நீண்ட காலம் கடந்திருக்கலாம் என்றார். இதை இடைவெளிக் கொள்கை என்பார்கள். நம் ஊர் போதகர்கள் பலரும் பயன்படுத்தும் ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் 1909-இல் வந்தபோது, அதன் குறிப்பிலும் இந்தக் கருத்துதான் இருந்தது. வேறு சிலர் ஒவ்வொரு நாளையும் ஒரு நீண்ட யுகமாக எடுத்துக்கொண்டார்கள்.

1925-இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் நடந்த வழக்கு இதற்கு நல்ல சாட்சி. பரிணாமம் கற்பித்ததாக ஒரு பள்ளி ஆசிரியர் மீது வழக்கு. அவருக்கு எதிராக, வேதத்தின் பக்கம் நின்று வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, படைப்பின் நாட்கள் 24 மணி நேரமா என்று கேட்டார். அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார் பிரயன். பரிணாமத்தை அவ்வளவு தீவிரமாக எதிர்த்தவருக்கே பூமியின் வயது விசுவாசப் பிரச்சினையாக இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் 6000 வருஷத்தையும், பாறை அடுக்குகள் எல்லாம் ஒரே பிரளயத்தில் வந்தவை என்பதையும் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் மக்ரெடி பிரைஸ், செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அதை மற்ற சபைகளுக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் 1961-இல் எழுதிய பிரளயம் பற்றிய நூல். இன்று அமெரிக்காவின் கென்டக்கியில் நோவாவின் பேழை மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் கென் ஹாமின் அமைப்பு வரை எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். அந்த 1961 நூலே ஆதியாகமம் 11-இன் அட்டவணையில் இடைவெளி இருக்கலாம், கணக்கு 6000-க்கும் மேலே போகலாம் என்று ஒத்துக்கொள்கிறது! உங்கள் சபையில் தடுப்பவர்கள் இதை அறிந்திருப்பார்களா தெரியவில்லை.

சரி, பாறைகள் என்ன சொல்கின்றன? ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் சிக்கார் பாயிண்ட் என்று ஒரு முனை. 1788-இல் ஜியாலஜியின் முன்னோடியான ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய்ப் பார்த்த இடம். கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் சிவப்பு மணற்பாறை லேசான சாய்வில் படுத்திருக்கிறது. கீழ்ப்பாறை முதலில் கடலடியில் சேறும் மணலுமாகக் கிடைமட்டமாகப் படிந்திருக்க வேண்டும், இறுகிக் கல்லாகியிருக்க வேண்டும், மடிந்து நிமிர்ந்து மேலே வந்திருக்க வேண்டும். பிறகு அரிபட்டுத் தேய்ந்த அந்தத் தளத்தின் மேல்தான் புதிய மணல் படிந்து, அதுவும் கல்லாகியிருக்க முடியும். கீழ்ப்பாறையின் உடைந்த துண்டுகள் மேலடுக்கின் அடியில் பதிந்து கிடக்கின்றன, அதனால் எது முந்தியது என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு வருஷப் பிரளயத்துக்குள் இத்தனையும் அடங்காது. பாறையில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து வயதைக் கணிக்கும் கதிரியக்கக் காலக்கணிப்பு எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி, அப்படிச் சிதைவதால் உண்டாகும் ஈயத்தை விண்கற்களில் அளந்து 455 கோடி ஆண்டுகள் என்றார். இன்றும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

பூமிக்குச் சில ஆயிரம் வருஷம்தான் என்கிற இளம் பூமிக் கொள்கைக்காரர்களும் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய விஞ்ஞானிகள் 1997 முதல் 2005 வரை கதிரியக்கக் காலக்கணிப்பைச் சோதிக்க ஒரு திட்டம் நடத்தினார்கள். இன்றைய வேகத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் நடக்க வேண்டிய கதிரியக்கச் சிதைவு பாறைகளில் உண்மையிலேயே நடந்திருக்கிறது என்பதே அவர்கள் முடிவு. 6000-க்குள் அதை அடக்க, படைப்பின்போதும் பிரளயத்தின்போதும் சிதைவு பல கோடி மடங்கு வேகமாக நடந்தது என்றார்கள். அந்த வேகத்தில் வெளிவரும் வெப்பம் எங்கே போனது என்பதற்குத் தங்களிடம் தீர்வு இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அவர்களுடைய உண்மையான கவலை பாறையைப் பற்றியது அல்ல, ரோமர் 5:12-ஐப் பற்றியது. பாவத்தினாலே மரணம் உலகத்துக்கு வந்தது என்றால், ஆதாமுக்கு முன்னால் மிருகங்கள் செத்து எப்படிப் புதைபடிவமாக முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த வசனத்தைக் கடைசிவரை வாசித்தால், "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்தது" என்று மனுஷருடைய மரணத்தைத்தான் பேசுகிறது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வேறு விதமாகப் புரிந்துகொள்ளும் சகோதரர்களோடு ஒரே மேசையில் திருவிருந்தும் எடுக்கிறேன். நாம் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் வானத்தையும் பூமியையும் படைத்தவரை விசுவாசிக்கிறோம் என்றுதான் இருக்கிறது, ஆண்டுக்கணக்கு இல்லை.

"6000-ஐ நம்பு, இல்லாவிட்டால் உனக்கு விசுவாசமே இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்வதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. கல்லூரியில் முதல் பாறையைக் கையில் எடுத்ததும், அந்தப் பிள்ளை எண்ணோடு சேர்த்து இயேசுவையும் விட்டுவிடும். அப்படிப் போன பிள்ளைகளை நான் அறிவேன்.

உங்கள் மகளை ஜியாலஜியில் சேர்த்துவிடுங்கள். பூமியின் வரலாற்றில் கேம்பிரியன் என்ற பழைய காலகட்டத்துக்குப் பெயர் வைத்த ஆடம் செட்ஜ்விக் ஆங்கிலிக்கன் குருவானவர், 1818 முதல் சாகும்வரை கேம்பிரிட்ஜில் ஜியாலஜி பேராசிரியர். சரளைப் படிவுகள் நோவாவின் பிரளயத்தால் வந்தவை என்று தான் முன்பு கற்பித்ததை 1831-இல் லண்டன் ஜியாலஜி கழகத்தின் தலைவர் உரையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். டார்வினைக் கடைசிவரை ஏற்கவில்லை, பூமி மிகப் பழையது என்பதில் அவருக்குச் சந்தேகமும் இருக்கவில்லை. குருத்துவத்தையும் விடவில்லை. சபையில் மறுபடி யாராவது கேட்டால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் மகளை உட்கார வைத்து, மத்தேயு 1-ஐயும் 1 நாளாகமம் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிடுங்கள்.