குளிர்காலத்தில் இரண்டு நாள் அஜிலிட்டி (நாய்கள் தடை தாண்டி ஓடும்) போட்டிக்கு முதல்முறை போகிறேன். நாய்க்குச் சிரமமாக இருக்குமா?

போங்கள். ஆனால் ஓடுவதற்குப் போகிறோம் என்று நினைக்காதீர்கள். காத்திருப்பதற்குத்தான் போகிறீர்கள்.

உங்கள் நாய்க்கு ஒன்றரை வயது தாண்டியிருக்கும், பயிற்சியில் எல்லாம் ஒழுங்காகச் செய்யும், பயிற்சியாளர் "ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்" என்று உசுப்பேற்றியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

என் நாயின் பெயர் மிளகு. என்ன இனம் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. தோள் உயரம் 41 செ.மீ. என்பதால் எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) விதிப்படி மீடியம் பிரிவு. ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம்: ஒன்று ஏ-ஃபிரேம் (கூரை மாதிரி இரு பக்கமும் சரிந்த பலகை), டாக்வாக் (ஒடுக்கமான பலகைப் பாலம்), சீசா (ஏற்ற இறக்கப் பலகை) எல்லாம் உள்ள அஜிலிட்டி, இன்னொன்று அவை இல்லாத ஜம்பிங். ஒவ்வொன்றும் நாற்பது விநாடி சொச்சம். கூட்டிப் பாருங்கள், இரண்டு நாளில் நாய் ஓடுவது மூன்று நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் வண்டி, கூண்டு, போர்வை.

போட்டி நடந்தது வயல்களுக்கு நடுவே ஒரு குதிரைப் பயிற்சிக் கொட்டகையில். மேலே கூரை உண்டு, அவ்வளவுதான். வெளியே புல்லெல்லாம் உறைபனி, உள்ளே மணல் தரை, வாயைத் திறந்தால் புகை. இந்த விளையாட்டே குதிரைத் தாவல் போட்டியைப் பார்த்து உருவானதுதான். 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையில் கூட்டம் கலையாமல் இருக்கக் காட்டிய வேடிக்கை அது. ஆக, இடம் பொருத்தம்தான் என்று வண்டியை நிறுத்தும்போது நினைத்துக்கொண்டேன். குதிரை லத்தியைப் பற்றி நினைக்கவில்லை.

மணலைச் சுத்தமாகத்தான் வாரி வைத்திருந்தார்கள். நம் கண்ணுக்குத் தெரியாதது அவள் மூக்குக்குத் தெரியாதா? முதல் ஓட்டம் ஜம்பிங். முதல் ஐந்து தடையும் அம்பு மாதிரி தாண்டினாள். டனல் என்கிற குழாய்க்குள் புகுந்து வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டியவள், நேரே மூலைக்குப் போனாள். தலை கீழே, வால் மேலே. என்னத்தையோ வாயில் போட்டுக்கொண்டாள். நான் போட்ட கூப்பாட்டுக்கு மனமிரங்கித் திரும்பி வந்தவள் ஏழாவது தடையை விட்டுவிட்டுப் பதினோராவதைத் தாண்டினாள். நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வைத்தார். எலிமினேஷன், அந்த ஓட்டம் கணக்கில் இல்லை.

அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். உறுத்துவது அன்றைய இரண்டாவது ஓட்டம்தான். இடையில் நாலு மணி நேரம். நான் பெரிய நாய்கள் ஓடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் நாலு நாய்தான்" என்று யாரோ சொன்ன பிறகுதான் வண்டிக்கு ஓடினேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளை எழுப்பி நேரே களத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். முதல் தடையிலேயே பார் (தாண்ட வேண்டிய குறுக்குக் கட்டை) விழுந்தது. அவள் பார் தட்டுகிற நாயே இல்லை. ஏ-ஃபிரேம் உச்சியில் நின்று என்னைப் பார்த்தாள். அடுத்து, வளைந்து நெளிந்து ஊடே போக வேண்டிய வீவ் கம்பங்கள் பன்னிரண்டு, 60 செ.மீ. இடைவெளி, ஒவ்வொரு கம்புக்கும் முதுகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைய வேண்டும். பத்தாவதில் விலகினாள். திரும்பக் கொண்டுவந்து விட்டேன், அதே பத்தாவதில் மறுபடியும். "மிளகு!" என்று கத்தினேன். அவள் காது இரண்டும் பின்னால் படிந்தது. அந்தக் காதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

விழுந்த பார்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா பிறகு வந்தார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து மிளகின் பின்தொடை உட்புறத்தில் வைத்தார். கெட்டியாக இருந்தது. "தூங்கி எழுந்த உடனே உங்களைக் குனிந்து பன்னிரண்டு தரம் வளையச் சொன்னால் வளைவீங்களா?" என்றார். பதில் இல்லை.

அன்று இரவு தங்கிய இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "நாய்களுக்கு அனுமதி உண்டு" என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். பணம் கட்டின பிறகு, "சின்ன நாய் மட்டும்" என்றார்கள். எவ்வளவு சின்னது என்று கேட்டால், கையில் தூக்கிக்கொள்கிற அளவாம். இரவு ஒன்பது மணிக்கு, உறைபனியில், கதவருகே நின்று 41 செ.மீ. நாயைக் கையில் தூக்கிக் காட்டினேன். உள்ளே விட்டார்கள். அவமானம்தான், ஆனால் அறை கிடைத்தது. நீங்கள் முன்பதிவு செய்யும்போதே உயரத்தைச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தேன். எங்களுக்கு முன்னால் பதினைந்து நாய் இருக்கும்போதே அவளை வெளியே எடுத்தேன். முதலில் சும்மா நடை, அப்புறம் மெல்லோட்டம், இரண்டு பக்கமும் சுற்றல், கடைசியாக வார்ம்-அப் தடையில் பாரைத் தாழ்த்தி வைத்து நாலைந்து தாவல். போர்வையைக் கழற்றியது வாசலுக்கு வந்த பிறகுதான். ஓடி முடித்ததும் உடனே கூண்டில் அடைக்கவில்லை. போர்வையைப் போட்டு மூச்சு சீராகும் வரை நடக்க வைத்தேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. உங்கள் நாய்க்கு மூட்டில் ஏதாவது தொந்தரவு இருந்தால் என்னைக் கேட்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு "நாயை வைத்து சர்க்கஸா?" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். ஓடப் பிடிக்காத நாயைத் தடை தாண்ட வைத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். குளிரில் நின்று என் விரல்தான் மரத்துப்போனது. அவளுக்கு அளவெடுத்துத் தைத்த போர்வை இருந்தது, எனக்கு இல்லை.

சரி, முடிவு. இரண்டாம் நாள் அஜிலிட்டியில் பன்னிரண்டு கம்பையும் ஒரே மூச்சில் முடித்தாள். டாக்வாக்கில் இறங்கும்போது கட்டாயம் மிதிக்க வேண்டிய மஞ்சள் பகுதியை மிதிக்காமல் குதித்ததற்கு 5 ஃபால்ட் (தவறுப் புள்ளி). நடுவர் கை உயர்ந்ததைப் பார்த்தேன், என் வாய் தானாக "சபாஷ்" என்றது. அடுத்தது ஜம்பிங். ஒரு பார்கூட விழவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசித் தடையைத் தாண்டினாள், பரிசுத் தின்பண்டத்தோடு நான் கையை நீட்டினேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அந்த மூலைக்குப் போனாள்.