பெரிய முதலாளிகளின் சிறிய நாட்கள்: தொழில் தொடங்குவோருக்குச் சில பதில்கள்

பதினோரு ஆண்டுகள் அச்சகம் நடத்தி மூடியவள் நான். அதன் பிறகு சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். தொழிலதிபர்களின் வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் செல்வந்தர்களான பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன். கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற பக்கங்களில்தான் நின்று படிப்பேன். தொழில் தொடங்க இருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பக்கங்களிலிருந்தே பதில் எடுத்திருக்கிறேன்.

வெற்றி பெற்ற பலர் விடியற்காலை 4 மணிக்கு எழுகிறார்களாம். நானும் மூன்று மாதமாக எழுகிறேன். பயன் உண்டா?

உடம்புக்கு ஒத்துக்கொண்டால் எழுந்திருங்கள். தொழிலுக்கும் அதற்கும் நான் தொடர்பு கண்டதில்லை. பேரும் பணமும் வந்த பிறகு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பது நமக்குப் பாடம் ஆகாது. அவை இரண்டும் இல்லாத நாளில் அவர் என்ன செய்தார், யாரிடம் போய் நின்றார், எதைக் கணக்குப் பார்த்தார் என்று தேடுங்கள்.

மேடம், மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். துணிந்து வேலையை விட்டால்தான் தொழில் வளரும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

இப்போதே வேண்டாம். பின்னாளில் நைக்கி ஆன காலணி நிறுவனத்தை 1964-இல் பில் நைட்டும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். நைட் கணக்காளராக வேலை பார்த்தார், பிறகு கல்லூரியில் கணக்கியல் கற்பித்தார். முழுநேரமாகத் தொழிலுக்கு வந்தது 1969-இல்தான். ஐந்து ஆண்டுகள் சம்பளம் அவருக்குச் சோறு போட்டது.

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் வேலையில் இருந்தபடியே தொழில் தொடங்கியவர்களையும், முதல் நாளே வேலையை விட்டவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. முதல் வகையினர் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அது கண்டது.

ஆனால் இதைத் தள்ளிப்போட ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். நைட் தடகளப் போட்டிகள் நடக்கும் இடங்களுக்குக் காரை ஓட்டிப் போய், பின்பெட்டியைத் திறந்து காலணி விற்றார். ஓய்வு நேரம் முழுவதும் அதற்கே போனது. நேரம் இல்லாததால் வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை மாதாமாதம் வருகிறதா? அப்போது ராஜினாமாவைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தில் பக்கத்தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அக்கா, நல்ல யோசனை இருக்கிறது, கைமுதல் இல்லை. முதலீட்டாளரைத் தேடுவதா, வங்கிக்குப் போவதா?

இரண்டுக்கும் முன்னால் வாங்குபவரிடம் போங்கள் தம்பி.

1999-இல் நிக் சுவின்மர்ன் என்பவருக்கு இணையத்தில் காலணி விற்கும் எண்ணம் வந்தது. போட்டுப் பார்க்காமல் யாரும் காலணி வாங்குவார்களா என்பதுதான் அன்றைய சந்தேகம். அவர் கிடங்கு பிடிக்கவில்லை, சரக்கு எடுக்கவில்லை. கடைக்குப் போய்க் காலணிகளைப் படம் எடுத்துத் தன் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் நஷ்டம்தான். ஆனாலும் மக்கள் வாங்குவார்கள் என்பது அந்தச் சிறிய நஷ்டத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தளம்தான் ஜாப்போஸ். 2009-இல் அமேசான் அதை வாங்கியது.

ஆப்பிளின் தொடக்கத்தையும் பாருங்கள். 1976-இல் ஒரு கணினிக் கடைக்காரர், ஒன்று 500 டாலர் வீதம் 50 கணினிகள் வேண்டும் என்றார். உதிரிபாகம் வாங்க, ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸிடமும் ஸ்டீவ் வோஸ்னியாக்கிடமும் பணம் இல்லை. ஜாப்ஸ் அந்த ஆர்டரைச் சொல்லி, உதிரிபாக விற்பனையாளரிடம் 30 நாள் கடனுக்குச் சரக்கு கேட்டார். அவர் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து ஆர்டர் உண்மைதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கொடுத்தார். அந்தக் கெடுவுக்குள் இணைத்து, விற்று, கடனை அடைத்தார்கள். ஆப்பிள் பிறந்ததாகச் சொல்லப்படும் கார் நிறுத்தும் கொட்டகையைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்புதான் முக்கியம். நம்பத்தகுந்த ஒரு வாங்குபவர் கையில் இருந்தால் அவரே உங்கள் ஜாமீன்.

விற்பனை ஆண்டுதோறும் கூடுகிறது. லாபமும் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் பணம் இருப்பதில்லை. எங்கே தவறு?

இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது பத்து ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தால் என் அச்சகம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அவருடையது. ஆர்டர் கூடக் கூட மகிழ்ந்தோம், இரண்டாவது இயந்திரமும் வாங்கினோம். காகிதத்துக்கு ரொக்கம், மைக்குப் பதினைந்து நாள், அவரிடமிருந்து பில் பணம் வர நான்கு மாதம். ஒரு சனிக்கிழமை மாலை நினைவிருக்கிறது. ஆர்டர் புத்தகத்தில் மூன்று வாரத்துக்கு வேலை, மேசை மேல் கட்டுக் கட்டாக அச்சடித்த தாள், வெளியே கூலிக்காக ஆறு பேர். பணப்பெட்டியில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அன்று என் கை வளையல் அடகுக்குப் போனது. லாபம் இருந்தது, ஆனால் அது முழுவதும் அடுத்தவருடைய மேசையில் பில்லாகக் கிடந்தது.

நைக்கிக்கும் இதே நோய்தான். விற்பனை ஏறிக்கொண்டே போக, அடுத்த சரக்குக்கு அதைவிடப் பெரிய கடன் தேவைப்பட்டது. 1975-இல் வங்கி கைவிட்டுவிட்டது. நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வர்த்தக நிறுவனம் அந்தக் கடனை அடைத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கையில் இருப்பை வைக்காமல் எல்லாவற்றையும் வளர்ச்சியில் போட்டதுதான் காரணம்.

எனவே லாப நஷ்டக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் அடுத்த 13 வாரங்களை எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் நிச்சயமாக வரும் பணம், கட்டாயம் போக வேண்டிய பணம். "வந்துவிடும்" என்று நம்புவதை எழுதாதீர்கள். எந்த வாரத்தில் பள்ளம் விழுகிறது என்பது இன்றே தெரியும். பிறகு புதிய வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பழைய பாக்கி உள்ளவரிடம், பாக்கி வந்த பிறகே அடுத்த வேலை என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம்தான் என்னை விழுங்கியது.

நெருங்கிய நண்பனோடு கூட்டாகத் தொடங்குகிறேன். எங்களுக்குள் எழுத்தெல்லாம் எதற்கு?

நட்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுங்கள்.

ஆப்பிளில் மூன்றாவது கூட்டாளி ஒருவர் இருந்தார், ரொனால்டு வெய்ன். 10 சதவீதப் பங்கு. பன்னிரண்டே நாளில் 800 டாலருக்கு அதை விட்டு விலகினார். உலகமே அவரை ஏமாளி என்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அது சாதாரணக் கூட்டாண்மை. ஜாப்ஸ் வாங்கும் கடனுக்குக் கூட்டாளிகள் எல்லோரும் சொந்தச் சொத்தைக் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். மூவரில் வெய்னிடம் மட்டுமே கடன்காரர் பறிக்கக்கூடிய சொத்து இருந்தது. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் இருவரும் பேச வேண்டியது இதைத்தான்: கடன் கழுத்தை நெரித்தால் யாருடைய வீடு போகும்? யார் எவ்வளவு நேரம் உழைப்பது? ஒருவர் விலகினால் பங்கை எந்தக் கணக்கில் வாங்குவது? கருத்து வேறுபட்டால் கடைசிச் சொல் யாருடையது? பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக, அதாவது கடனுக்கு நிறுவனத்தின் சொத்து மட்டுமே பொறுப்பாகும் வகையில், பதிவு செய்தால் முதல் கேள்வியின் கடுமை பெருமளவு குறையும். ஆனாலும் கடன் கொடுப்பவர் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து கேட்டால், போடும் முன் ஒரு இரவு யோசியுங்கள்.

அம்மா, மூன்று ஆண்டாக முயல்கிறேன். விடாமுயற்சி என்கிறார்கள். பிடிவாதம் எது, விடாமுயற்சி எது என்று எனக்குப் புரியவில்லை.

மனதை வருத்தும் கேள்வி. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

ஜேம்ஸ் டைசன் பை இல்லாத தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்காக 5,127 மாதிரிகள் செய்தார். 1979 முதல் ஐந்து ஆண்டுகள். மனைவியின் ஓவிய ஆசிரியை வருமானமும் கடனும்தான் குடும்பத்தைத் தாங்கின. இந்த எண்ணைச் சொல்லி "விடாதே" என்று ஊக்கப்படுத்துவார்கள். அவர் வேலை செய்த முறையை யாரும் சொல்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார், சோதிப்பார், குறித்துக்கொள்வார். ஒவ்வொரு மாதிரியும் முந்தியதைவிட மேலா கீழா என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் 5,126 முறை தோற்றார் என்பதைவிட 5,126 முறை கற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

இன்னொருவர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு. கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கினார். விளையாட வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கவில்லை. எதை மாற்றினாலும் அது மாறவில்லை. 2012-இல், கையில் இன்னும் பணம் மிச்சம் இருந்தபோதே மூடினார். அந்த விளையாட்டைச் செய்யும்போது ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியை உருவாக்கியிருந்தார்கள். அதுவே ஸ்லாக் ஆனது. கடைசிக் காசு வரை விளையாட்டில் கரைத்திருந்தால் ஸ்லாக் பிறந்திருக்காது.

ஆகவே உங்கள் மூன்று ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள். மறுமுறை வாங்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை, ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவு, இவற்றில் ஒன்றாவது நகர்ந்திருக்கிறதா? மெதுவாக என்றாலும் நகர்ந்திருந்தால் தொடருங்கள். மூன்று ஆண்டும் ஒரே இடத்தில் நின்றால், கூடுதலாக எவ்வளவு பணம், எந்த நாள் வரை என்று இன்றே எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அந்தக் கோடு வந்ததும் நிறுத்துங்கள். மூடுவது அவமானம் இல்லை அம்மா. நானும் மூடினேன். ஆறு பேருக்கும் கூலி பாக்கியில்லாமல் மூடினேன் என்பது இன்றும் எனக்கு நிம்மதி.

போட்டியாளர் விலையைக் குறைத்துவிட்டார். நானும் 10 சதவீதம் குறைக்கட்டுமா?

கணக்குப் போட்டுவிட்டுக் குறையுங்கள். அடக்கம் 80, விற்பது 100 என்றால் லாபம் 20. பத்து சதவீதம் குறைத்தால் விலை 90, லாபம் 10. பழைய லாபம் கிடைக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். முடியுமா?

வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் குறைந்த விலைக்குப் பெயர் போனவர். ஆனால் அவர் முதலில் இடைத்தரகர்களைத் தாண்டிப் போய்க் கொள்முதல் விலையைக் குறைத்தார். விற்பனை விலையைக் குறைத்தது அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றினால் கல்லா காலியாகிவிடும்.

ஒப்பந்தங்களை நானே படித்தால் போதாதா? வழக்கறிஞர் செலவு மிச்சமாகுமே.

அதே வால்டன் கதையைக் கேளுங்கள். ஆர்க்கன்சாஸ் மாநிலம் நியூபோர்ட்டில் அவருடைய முதல் கடை நன்றாக ஓடியது. குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கெடு முடிந்ததும் கட்டட உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தார். கடையைத் தன் மகனுக்கு வைத்துக்கொள்ள விரும்பினார். ஐந்தாண்டு உழைப்பை விட்டுவிட்டு 1950-இல் வேறு ஊரில் மறுபடி தொடங்கினார் வால்டன். டைசனும் தன் முந்தைய கண்டுபிடிப்பான உருண்டைச் சக்கரத் தள்ளுவண்டியின் காப்புரிமையை நிறுவனத்தின் பெயரில் எழுதிக் கொடுத்து, பிறகு அந்த நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

எனக்கு 48 வயது. தாமதமா?

இல்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புதிய நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரிந்தது. ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கிளையை 1955-இல் திறந்தபோது வயது 52. தொழில் அனுபவமும் தொடர்புகளும் உங்கள் பக்கம். ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் தொடாதீர்கள்.

எனக்குப் பேசத் தெரியாது. பொருள் நன்றாக இருந்தும் விற்க முடியவில்லை. கூச்சம் எப்படிப் போகும்?

சாரா பிளேக்லி, உடலுக்கு வடிவம் தரும் உள்ளாடைகளை விற்கும் ஸ்பான்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கும் முன் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகத் தொலைநகல் இயந்திரம் விற்றவர். "வேண்டாம்" என்ற சொல் அவர் காதுக்குப் பழகியிருந்தது. பெரிய கடை ஒன்றின் கொள்முதல் அதிகாரியிடம் தான் விற்கும் உள்ளாடையைப் பற்றி விளக்கியபோது, அவர் மனம் வேறெங்கோ போவதைப் பிளேக்லி கவனித்தார். பேச்சை நிறுத்தினார். அந்தப் பெண் அதிகாரியைக் கழிவறைக்கு அழைத்துப் போய், அதை அணியாமலும் அணிந்தும் தன் வெள்ளைக் காற்சட்டை எப்படி இருக்கிறது என்று காட்டினார். ஏழு கடைகளுக்கு ஆர்டர் கிடைத்தது.

அங்கே வேலை செய்தது அவருடைய பேச்சு இல்லை, பொருள்தான். நீங்களும் பேச்சைத் தயாரிக்க வேண்டாம். உங்கள் பொருள் இல்லாமல் ஒரு வேலை எப்படி நடக்கிறது, இருந்தால் எப்படி நடக்கிறது என்று அரை நிமிடத்தில் காட்ட ஒரு வழி கண்டுபிடியுங்கள். இந்த வாரம் அறிமுகமில்லாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் கண் வேறு பக்கம் போகிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அந்த இடத்தை நாம் சேர்ந்து பார்ப்போம்.