தரகருக்கு முன் குடித்தனக்காரரிடம் சொல்லுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. இப்போது வீட்டை விற்க வேண்டிய நிலை. காலியாக இருந்தால்தான் நல்ல விலை வரும் என்கிறார் தரகர். அவர்களுடைய பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மகன் குடிவரப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொல்லலாமா?

பதில்: மகனைக் காரணம் காட்டாதீர்கள். வீட்டைப் பார்க்க முதல் ஆள் வந்து நிற்கும்போதே உண்மை தெரிந்துவிடும். அதன்பின், வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டிய குடித்தனக்காரரிடம் நீங்கள் எந்த ஒத்துழைப்பையும் எதிர்பார்க்க முடியாது. விற்கப்போவதை நேரில் சென்று சொல்லிவிட்டு, அவருக்கே வாங்கும் எண்ணம் உண்டா என்றும் கேளுங்கள். ஆறு ஆண்டுகள் குடியிருந்தவருக்கு அந்த வீட்டின் தண்ணீர் வசதி முதல் மழைக்கால நிலைமை வரை எல்லாம் தெரியும் என்பதால், இது வெறும் மரியாதைக் கேள்வி அல்ல.

வீட்டை விற்பதாலேயே குடித்தனம் முடிந்துவிடாது. வாங்குபவர் சட்டப்படி உங்கள் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். ஆகவே வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எத்தனை மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். நேரில் பேசியதைக் கடிதமாகவும் கொடுத்துவிடுங்கள். பொதுத்தேர்வு முடிந்தபின், மே மாத இறுதிக்குள் என்று கெடு வைத்தால் அந்தப் பெண்ணின் படிப்பும் கெடாது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற மாட்டோம் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

பெரும்பாலான தகராறுகள் அட்வான்ஸில்தான் தொடங்குகின்றன. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையிலோ பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர்களும், அதை எப்போதோ செலவழித்துவிட்டு வீடு விற்ற பணத்தில் தரலாம் என்று இருப்பவர்களும் ஏராளம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவருக்கு அந்தப் பணம் முன்கூட்டியே வேண்டும் அல்லவா? பாதியையாவது அவர் வீடு தேடும்போதே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைச் சாவி வாங்கும் அன்று கொடுத்துவிடுங்கள். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடலாம்.

அவர் காலி செய்யும் தேதி உறுதியாகும்வரை, காலி வீடாக ஒப்படைப்பதாக வாங்குபவரிடம் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். அந்தத் தேதி தவறினால் இழப்பீடு கேட்டு உங்களைத்தான் பிடிப்பார்கள்.