விக்கிப்பீடியாவை வைத்துக் கல்லூரி மாணவர்களுக்குத் தகவலைச் சரிபார்க்கக் கற்றுத்தர முடியுமா?

தாராளமாக முடியும். கல்லூரி நூலகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இதைவிட வசதியான, செலவில்லாத கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று பல ஆசிரியர்கள் போடும் தடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி வரலாற்றுத் துறை, விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என்று முடிவெடுத்தது. ஜப்பானின் ஷிமாபாரா கலகத்துக்கு இயேசு சபையினர் உதவினார்கள் என்ற தவறான தகவலை ஒரே வகுப்பில் பல மாணவர்கள் எழுதியிருந்தார்கள். எல்லோரும் எடுத்த இடம் விக்கிப்பீடியா. அங்கே தடுத்தது மேற்கோள் காட்டுவதை மட்டும்தான், படிப்பதை அல்ல. நம் ஊர் ஆசிரியர்கள் பலர் அதைப் "பக்கமே போகாதே" என்று ஆக்கிவிட்டார்கள். பையன் எப்படியும் அங்கேதான் படிக்கிறான். ஆதாரப் பட்டியலில் மட்டும் ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு தளத்தைப் போட்டுவிடுகிறான்.

என் வகுப்பில் தொடக்கம் எப்போதும் சொந்த ஊர்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறங்கள், மக்கள்தொகை எவ்வளவு என்று பாருங்கள் என்பேன். பல ஊர்க் கட்டுரைகளில் 2001 கணக்கெடுப்பின் எண்ணிக்கையே இன்னும் இருக்கும். உடனே ஒருவர் கூகுளில் தேடி, "2024 மக்கள்தொகை" என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தரும் ஒரு தளத்தைக் காட்டுவார். வகுப்பு அங்கேதான் சூடு பிடிக்கும். இந்தியாவில் முழுமையாக நடந்து முடிவு வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 2011. 2021-இல் எடுத்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. அப்படியென்றால் இந்த 2024 எண்ணை யார் எண்ணினார்கள்? தளத்தின் அடிவரை தேடினாலும் பதில் இருக்காது. பழைய வளர்ச்சி விகிதத்தை வைத்துப் போட்ட கணக்காக இருக்கும், அதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய எண்ணைத் தந்தாலும் அது எந்த ஆண்டுக் கணக்கு என்று சொன்ன விக்கிப்பீடியாதான் கடைசியில் நேர்மையானதாகத் தெரியும். எந்தக் கணக்கெடுப்பு என்று சொன்ன எண்ணுக்கும் சொல்லாத எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மாணவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடுகிறது.

அடுத்த வேலை அடிக்குறிப்பு. இணைப்பு திறக்கிறதா, திறந்தால் அந்தப் பக்கம் கட்டுரை சொல்வதைத்தான் சொல்கிறதா, அதை எழுதியவருக்கு அது எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்வியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அப்போது கோட்டி என்ற தென் அமெரிக்க விலங்கின் கதையைச் சொல்வேன். 2008-இல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாக அதன் விக்கிப்பீடியா கட்டுரையில் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று இல்லாத பெயரைச் சேர்த்தார். பிரிட்டன் நாளிதழ்கள் அதை எடுத்து எழுதின. பிறகு நாளிதழ்ச் செய்தியே அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் கட்டுரையில் வந்து உட்கார்ந்தது. அடிக்குறிப்பு இருக்கிறது என்பதே போதாது, அது எந்தத் தேதியில் பிறந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வரலாற்றுப் பக்கம், அதாவது கட்டுரையில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் பக்கம். அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஏதாவது ஒரு பழைய அரச வம்சத்தின் கட்டுரையைத் திறந்தால் போதும். காலையில் ஒரு சாதிக்குச் சொந்தமான மன்னர் மாலையில் இன்னொரு சாதிக்காரர் ஆகியிருப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சாதிகள் தொடர்பான கட்டுரைகளுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் யார் கல்வெட்டைக் காட்டுகிறார், யார் சாதிச் சங்க வெளியீட்டைக் காட்டுகிறார் என்று மாணவர்களே பிரித்துவிடுவார்கள். (சாட்ஜிபிடி பதிலுக்கு இப்படியொரு வரலாற்றுப் பக்கம் இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள். நாம் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.)

சரி, மாணவர்களை விக்கிப்பீடியாவில் எழுத வைக்கலாமா? இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. 2011-இல் புனே கல்லூரிகளில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கல்வித் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். பாடப்புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே பெயர்த்து எழுதியது ஏராளம். பதிப்புரிமை மீறல்களைத் துடைத்தெடுக்கத் தன்னார்வலர்கள் திணறினார்கள், அந்த ஆண்டே முன்னோட்டம் நிறுத்தப்பட்டது. மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரிய வகுப்புகள், வழிகாட்ட வந்தவர்களில் பலரும் விக்கிக்குப் புதியவர்கள். புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் மதிப்பெண் என்று பன்னிரண்டு வருடம் பழக்கிவிட்டு, திடீரென்று அது திருட்டு என்றால் யாருக்குப் புரியும்? 2008-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்று இதையே செய்து, சில கட்டுரைகளை விக்கிப்பீடியாவின் உயர்ந்த தரமான சிறப்புக் கட்டுரைத் தரத்துக்கே கொண்டுபோனது. அங்கே வகுப்பு சிறியது, அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் கூடவே இருந்தார்கள்.

அதனால் முழுக் கட்டுரை கேட்காதீர்கள். 'சான்று தேவை' என்று குறி போட்ட ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, நூலகத்தில் அதற்கு ஆதாரம் தேடச் சொல்லுங்கள். முதலில் மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கான பக்கம்) எழுதிக் காட்டட்டும், நீங்கள் பார்த்த பிறகு கட்டுரையில் சேர்க்கட்டும். மதிப்பெண்ணை மட்டும், அந்தத் திருத்தம் கட்டுரையில் நிலைத்ததா என்பதை வைத்துப் போடாதீர்கள். யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் அதை நீக்கிவிடலாம். ஏன் இந்த நூலை எடுத்தான், எதை ஒதுக்கினான் என்று அரைப் பக்கம் எழுதி வாங்கி அதற்குப் போடுங்கள்.