டைனமோ விளக்கு: வாசகர் கேள்வி-பதில்

விளக்கு பற்றி எழுதுபவர்கள் சக்கரத்தின் அளவு, முன் பிரேக் ரிம்மா டிஸ்க்கா, இப்போது என்ன விளக்கு மாட்டியிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் தயவுசெய்து எழுதுங்கள். "என் சைக்கிளுக்கு எது நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

டயரில் உரசும் டைனமோ போதுமா, முன் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் டைனமோவுக்குப் போகலாமா? தினமும் இருட்டில்தான் போய் வருகிறேன்.

தினமும் என்றால் ஹப்தான். உரசும் டைனமோ காய்ந்த சாலையில் நன்றாகவே வேலை செய்யும். மழையில் டயர் நனைந்ததும் உருளை வழுக்கும், அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்துக் கைவிடும். எப்போதாவது ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடுவை நேராகப் பார்க்கும்படி மாட்டுங்கள், கோணலாக இருந்தால் டயரின் பக்கவாட்டைத் தின்றுவிடும்.

ஹப் டைனமோ போட்டால் மிதிக்கக் கனமாக இருக்குமாமே?

இருக்காது. விளக்கு எரியும்போது சுமார் 6 வாட், அணைத்திருந்தால் 1 வாட்டுக்கு அக்கம்பக்கம் இழுக்கும். நிதானமாக ஓட்டுபவரே 75 முதல் 100 வாட் வரை மிதிக்கிறார், காற்று குறைந்த டயர் இதைவிட அதிகம் இழுக்கும். கடையில் அச்சைக் கையால் திருப்பிப் பார்த்தால் காந்தம் விட்டுவிட்டுத் தடுக்கும், அதைப் பார்த்துதான் பலர் பயப்படுகிறார்கள். சக்கரம் ஓடும்போது அது தெரியவே தெரியாது.

பேட்டரி விளக்கில் 1000 லூமென் என்று போட்டிருக்கிறது. டைனமோ விளக்கில் 80 லக்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா?

இல்லை. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளி, அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. லக்ஸ் ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு. ஜெர்மனியின் சாலை விதிப்படி செய்த விளக்குகளில் 10 மீட்டர் தூரத்தில் அளந்து போடுகிறார்கள். டைனமோ கொடுப்பது 6 வோல்ட், 3 வாட், அவ்வளவுதான். பழைய ஹாலோஜன் விளக்குகள் அதை வைத்துக்கொண்டு 10, 20 லக்ஸ் கொடுத்தன, இப்போதைய நல்ல எல்இடி விளக்குகள் அதே 3 வாட்டில் 100 லக்ஸ் வரை போகின்றன. எப்படி? ஒளியை வீணாக மேலே விடாமல் முழுவதையும் சாலையில் இறக்குகிறார்கள். கார் ஹெட்லைட்டில் இருப்பது போல மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும்.

அந்த 1000 லூமென் டார்ச்சுகளில் பெரும்பாலானவை வட்டமாக அடிப்பவை. பாதி வெளிச்சம் மரத்துக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகிறது. கண் கூசிப்போன ஆள் சில நொடிகளுக்குச் சாலை ஓரம் எங்கே என்றே தெரியாமல் ஓட்டுகிறார், ஈரச் சாலையில் இன்னும் மோசம். உங்களுக்குப் பளிச்சென்று தெரிவதற்காக இன்னொருவரை ஏன் பள்ளத்தில் தள்ள வேண்டும்? எத்தனை முறை எழுதினாலும் லூமென் கணக்கோடு யாராவது வந்துவிடுகிறார்கள்.

அதற்காக லக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அது மிகப் பிரகாசமான ஒரு புள்ளியின் அளவுதான். குறுகலாக அடிக்கும் 100 லக்ஸைவிட, சக்கரத்துக்கு அருகிலிருந்தே அகலமாக விரியும் 50 லக்ஸ் தினசரி பயணத்துக்கு நல்லது, திருப்பங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அப்புறம் விளக்கைச் சரியான சாய்வில் வையுங்கள்: சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட அரைச் சாண் கீழே விழ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நல்ல விளக்கும் கண்ணில்தான் அடிக்கும்.

சிக்னலில் நின்றால் விளக்கு அணைந்துவிடுமா?

நின்றாலும் எரியும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் சில நிமிடங்களுக்கு மங்கலாக எரிய வைக்கும். முன்னால் இல்லாவிட்டாலும் டெயில் லைட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், நிற்கும் சைக்கிளைப் பின்னாலிருந்துதான் இடிப்பார்கள்.

முன் பல்பு போனால் உடனே பின் பல்பும் போய்விடுகிறது. ஏன்?

டைனமோ ஏறக்குறைய அரை ஆம்பியர் மின்னோட்டத்தை எப்படியாவது தள்ளப் பார்க்கும். 2.4 வாட் முன் பல்பு போனதும் அத்தனையும் 0.6 வாட் பின் பல்பின் தலையில் விழுகிறது. இரண்டையும் எல்இடிக்கு மாற்றிவிடுங்கள்.

மடக்கு சைக்கிளுக்கு எந்த ஹப்?

16 அங்குலமா, 20 அங்குலமா? எழுதவில்லை. பிரேக்கும் எழுதவில்லை. பொதுவாக, சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றுவதால் அதற்கென்றே தனி ஹப்கள் வருகின்றன. பெரிய சக்கரத்துக்கான ஹப்பும் எரியும், இழுப்பு கொஞ்சம் கூடும். சின்னச் சக்கர ஹப்பைப் பெரிய சக்கரத்தில் போட்டால் மெதுவாகப் போகும்போது வெளிச்சம் போதாது.

மின்சார சைக்கிளின் விளக்கு சும்மா கிடக்கிறது, டைனமோவில் இணைக்கலாமா?

கூடாது. அது நேர் மின்னோட்டத்துக்குச் செய்தது, டைனமோ தருவது மாறு மின்னோட்டம்.

விளக்கு எரியும்போதே போனுக்கும் சார்ஜ் ஏற்ற முடியுமா?

இருப்பது 3 வாட். இருட்டில் அது விளக்குக்கு மட்டும். பகலில், மணிக்கு 20 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓட்டினால், ஒரு பவர் பேங்க் வழியாக ஏற்றலாம். போனை நேராகச் சொருகாதீர்கள், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சார்ஜ் அறுந்து மறுபடி தொடங்கும்.

பஞ்சர் ஒட்ட முன் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் ஒயர் பிய்ந்துபோகிறது.

முன்பும் சொன்னதுதான்: முதலில் கனெக்டர், அப்புறம் சக்கரம். மாட்டும்போது அச்சை நன்றாக இறுக்கி முடிக்கும்வரை சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காதீர்கள், அச்சும் கூடவே திரும்பி ஒயரை முறுக்கிவிடும். ஃபோர்க்கில் ஒயரைக் கட்டும்போது கனெக்டர் பக்கம் ஒரு விரல் நீளம் தளர்வாக விடுங்கள்.