நாய்களைப் படிக்க நினைக்கும் மகளுக்கு யார் கற்றுத்தரப் போகிறார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள், நாய்களின் நடத்தையைச் சரிசெய்யும் ஆலோசகர் ஆகவேண்டும் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான் அம்மா. பட்டாசு வெடித்தால் கட்டிலடியில் நடுங்கும் நாய், தனியாக விட்டால் கதவைப் பிராண்டும் நாய், குழந்தையைப் பார்த்து உறுமும் நாய் என்று உதவி தேடும் வீடுகள் கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. நீங்கள் கவலைப்பட வேண்டியது அவள் யாரிடம் கற்கப்போகிறாள் என்பதற்குத்தான்.

கால்நடை மருத்துவர் என்றால் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள அப்படிப்பட்ட பதிவு எதுவும் நம் நாட்டில் தேவையில்லை. அதனால் சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் வந்தான். அவன் சேர்ந்த இடத்தில் இரண்டாவது வாரமே, கடிக்கிற நாய் இருந்த வீட்டுக்குத் தனியாக அனுப்பிவிட்டார்கள். தின்றுகொண்டிருந்த நாயின் தட்டை எடுக்கப் போய்க் கையில் தையல் போடும்படி ஆனது. தப்பு தன்னுடையது என்று நினைத்துத் தொழிலையே விட்டுவிட்டான். தட்டில் கை வைக்காதே என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

நல்ல வழிகாட்டி முதலில் பார்க்க மட்டும்தான் விடுவார், குறிப்பெழுதச் சொல்வார். "நாய் கோபமாக இருந்தது" என்று எழுதினால் அதை அடித்துவிட்டு, கண்ணில் பட்டதை எழுது என்பார். உதட்டை நக்கியதா? முகத்தைத் திருப்பிக்கொண்டதா? கண்ணின் வெள்ளை தெரிந்ததா, உடம்பு விறைத்ததா? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? உறுமியதும் வீட்டார் என்ன செய்தார்கள்? அடித்து உறுமலை அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் அந்த நாய் உறுமாமலேயே கடிக்கக்கூடும். இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் பிடிபடும்.

பிறகு அவர் கூடவே இருக்க, உங்கள் மகள் வீட்டாரிடம் பேசலாம். அதற்கும் பிறகுதான் தனியாகப் போவது. அப்போதும் அங்கே எடுத்த வீடியோவை இருவருமாகப் பார்த்துப் பேசவேண்டும். திடீரென்று சீறத் தொடங்கிய நாய்க்குக் காதுவலியோ மூட்டுவலியோ இருக்கலாம் என்று முதலில் மருத்துவரிடம் அனுப்புபவரா அவர்? "இது இப்போது உன்னால் முடியாது, நான் வருகிறேன்" என்று சொல்பவரா? ஷாக் காலரை, அதாவது நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டையை, கையில் எடுப்பவர் என்றால் வேண்டவே வேண்டாம். சேருவதற்கு முன் ஒரு நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பட்டப்படிப்பை விடவேண்டாம். மதிப்பெண் இருந்தால் கால்நடை மருத்துவம். அது உள்ளிருப்புப் பயிற்சியோடு 5½ ஆண்டு. புதுச்சேரி குரும்பாப்பேட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. இல்லையென்றால் விலங்கியல், உளவியல் எதுவும் சரி. நாய்களைத் தொடும் முன் மகளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், இதில் தாமதம் வேண்டாம்.

அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் உங்கள் தெருநாய் ஒன்றைத் தள்ளி நின்று தினம் பத்து நிமிடம் பார்த்து, பார்த்ததை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.