விசாகப்பட்டினத்தில் எங்கே தங்குவது?

தம்பி, ஆந்திரா பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறீர்கள், ஊரைப் பார்த்ததே இல்லை, காஜுவாக்கா பக்கம் வாடகை குறைவு என்று ஒருவர் சொன்னார் என எழுதியிருந்தீர்கள். அங்கே வேண்டாம். அது தெற்கே, உருக்காலைப் பக்கம். தினமும் போய் வரும் நேரத்தில் படிப்பே போய்விடும். மத்திலபாலம் சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள். பல்கலைக்கழகம் பக்கம், நெடுஞ்சாலையும் அங்கேயே.

அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். வளாகத்திலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கினால், குருசுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்தைக் கடந்து ராமகிருஷ்ணா கடற்கரை வரும். மேடும் பள்ளமுமான ஊர் அது. வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது காலுக்குப் பக்கமாக இருக்காது. ஊருக்குள் பேருந்து மாற வேண்டியிருந்தால் ஆர்டிசி காம்ப்ளக்ஸ்தான் முக்கிய இடம். சாமான் வாங்க ஜகதாம்பா, பூர்ணா மார்க்கெட் பக்கம் போங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ராமகிருஷ்ணா கடற்கரையில் நண்பர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் கடலில் இறங்காதீர்கள். உள்ளிழுக்கும் நீரோட்டம் பலரைக் கொண்டுபோயிருக்கிறது.

அப்புறம், அக்டோபர், நவம்பர் புயல் காலம். 2014 அக்டோபர் 12இல் ஹூட்ஹூட் அந்த ஊரைத்தான் புரட்டிப்போட்டது. அறை பார்க்கும்போது ஜன்னல் நன்றாகச் சாத்துகிறதா, மின்சாரம் போனால் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிளம்புவதற்குள் தெலுங்கு எழுத்துகளையும் படித்துக்கொள்ளுங்கள். பேருந்துப் பலகை வாசிக்க உடனே உதவும்.